பால் இயக்குநீர்களும் தடைக்காப்பு அணுக்களும்: மொழிபெயர்ப்பில் ஒரு பொருட்சிக்கல்

முன்னுரை

அறிவியல் செய்தி பிழையாக உணரப்படுவதற்குத் தவறான கலைச்சொல் மட்டுமே காரணமன்று. வழக்கிலுள்ள சொற்கள் பொருந்தாத் தொடரில் நிற்பதும் காரணமாகும். ‘பெண்பால் இயக்குநீர் நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுகிறது, ஆண்பால் இயக்குநீர் குறைக்கிறது’ என்னும் வகைத் தொடர் இதற்குச் சான்று. இத்தொடரின் மூன்று கூறுகள் இங்கு ஆராயப்படுகின்றன.

1. இயக்குநீர்

ஸ்டார்லிங் என்னும் ஆங்கிலேய உடலியலார் 1905ஆம் ஆண்டில் ‘ஹார்மோன்’ என்ற சொல்லை வழங்கினார். தூண்டுதலைக் குறிக்கும் கிரேக்க வினையடியிலிருந்து அது பிறந்தது. ‘இயக்குநீர்’ அப்பொருளை நன்கு ஏற்றுள்ளது. எனினும், வினைத்தொகையாகிய இச்சொல் நீரையே முழு வினைமுதலாக்கிவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன் குருதியில் எங்கும் செல்லினும், அதற்குரிய ஏற்பி அமைந்த உயிரணுவில்தான் வினை நிகழ்கிறது. டி அணு, பி அணு, விழுங்கணு ஆகியவற்றில் அவ்வேற்பிகள் உள்ளன. இயக்குநீரோடு இணைந்த ஏற்பி, உட்கருவில் டி.என்.ஏ.வைப் பற்றிச் சில மரபணுக்களின் செயற்பாட்டைக் கூட்டும், சிலவற்றைக் குறைக்கும். ஆகவே, ஏற்பியைக் கூறாத தொடர் பாதிச் செய்தியையே தருகிறது.

2. பெண்பாலும் ஆண்பாலும்

தமிழ் இலக்கணத்தில் பெண்பாற்சொல் ஆண்பாற்சொல் ஆகாது. இவ்விலக்கு உணர்வு கலைச்சொல்லிலும் ஒட்டிக்கொள்கிறது. ஆனால், ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டீரோன் இரண்டும் இருபாலாரிடமும் உண்டு, அளவே வேறுபடுகிறது. அரோமடேஸ் என்னும் நொதி டெஸ்டோஸ்டீரோனையே ஈஸ்ட்ரடையாலாக மாற்றுகிறது. மேலும், தடைக்காப்பில் காணும் பால் வேறுபாடு முழுவதும் இயக்குநீரால் வருவதன்று. பெண்களின் எக்ஸ் குரோமோசோம் இரண்டனுள் ஒன்று பெரும்பாலும் ஒடுங்கியிருப்பினும், அதிலுள்ள டி.எல்.ஆர்.7 மரபணு சில தடைக்காப்பு அணுக்களில் அவ்வொடுக்கத்திற்குத் தப்புகிறது. ‘பெண்பால்’ என்னும் அடை இவ்விரு காரணங்களையும் ஒன்றாக்கிவிடுகிறது.

3. கூட்டுதலும் குறைத்தலும்

பேச்சுவழக்கில் ‘எதிர்ப்புச் சக்தி கூடுதல்’ நன்மையையே குறிக்கும். அறிவியல் அவ்வாறு கூறவில்லை. ஈஸ்ட்ரடையால் பொதுவாகப் பி அணுக்களின் எதிர்ப்பொருள் ஆக்கத்தை ஊக்குகிறது. எதிர்ப்பொருள் நச்சுயிரியை நோக்கின் அது காப்பு. தன்னுடலையே நோக்கின் லூபஸ் போன்ற நோய். லூபஸ் நோயாளருள் ஏறத்தாழப் பத்தில் ஒன்பதின்மர் பெண்கள். மறுபுறம், டெஸ்டோஸ்டீரோன் மிகுந்த ஆண்களிடம் இன்ஃபுளுயன்சா தடுப்பூசி குறைந்த எதிர்ப்பொருளையே தோற்றுவித்ததை 2014இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. அளவும் கருதத்தக்கது. கருவுற்ற காலத்தில் இயக்குநீர்கள் பன்மடங்கு உயர்கின்றன. அப்போது முடக்குவாதம் பலருக்குத் தணிகிறது, லூபஸோ சிலருக்குக் கிளர்கிறது.

லூபஸ் நோயாளி ஒருவர் மேற்காட்டிய தொடரைப் படிப்பின், தம் நோய்க்கு எதிர்ப்புச் சக்திக் குறைவே காரணம் என எண்ணக்கூடும். அவருக்கு வழங்கப்படுவதோ தடைக்காப்பை ஒடுக்கும் மருந்து. அதனைத் தீங்கெனக் கருதி அவர் நிறுத்திவிடின் விளைவு கடுமையாகும். மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு இங்குத் தெளிவாகிறது.

முடிவுரை

‘நோய் எதிர்ப்புச் சக்தி’ என்பதினும் ‘தடைக்காப்பு’ என்பது பொருத்தமானது. நோயை மட்டுமே அது எதிர்க்கும் என்ற உறுதியை இச்சொல் தருவதில்லை. இயக்குநீரை அதன் பெயராலேயே சுட்டலாம். எவ்வியக்குநீர், எவ்வளவில், எவ்வணுவில், எச்செயலை மாற்றுகிறது என்னும் நான்கு வினாக்களுக்கும் மூலம் விடை தருமாயின் மொழிபெயர்ப்பும் தருதல் வேண்டும். ‘ஈஸ்ட்ரடையால், பி அணுக்களில் உள்ள ஏற்பிகளோடு இணைந்து, அவ்வணுக்கள் எதிர்ப்பொருள் ஆக்குவதை ஊக்குகிறது’ என்னும் தொடர் சற்றே நீண்டதாயினும், நன்மை தீமை என்ற முடிவைத் தானே வழங்காமல் உண்மையை மட்டும் உரைக்கிறது.