அரிதாள் சும்மா நிற்கவில்லை!

தை, மாசி மாதத்தில் சத்திரம் பேருந்து நிலையத்தில் லால்குடி பஸ் ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். சம்பா அறுத்த வயலில் ஒரு சாண் உயரத்துக்கு அரிதாள் நிற்கும். "வயல் காலி" என்று நினைப்போம். கிட்டப் போய்ப் பார்த்தால், பல வயல்களில் தாளுக்கு நடுவே உளுந்துச் செடி இலை விட்டிருக்கும். ஏர் ஓட்டவில்லை, டிராக்டரும் இறங்கவில்லை. பிறகு எப்படி?

அறுப்புக்கு ஏழு முதல் பத்து நாள் முன்னால், நெல் நிற்கும்போதே, மெழுகுப் பதத்தில் இருக்கும் மண்ணில் உளுந்தைக் கையால் தூவி விடுகிறார்கள். அறுக்கும்போது கீழே முளைத்திருக்கும். அதன்பின் தண்ணீர் பாய்ச்சுவதில்லை. மிச்ச ஈரமும் பனியும்தான். இதற்கு நெல் தரிசு உளுந்து என்று பெயர். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஆடுதுறை 3 இதற்கு ஏற்ற ரகம். 70, 75 நாளில் அறுவடைக்கு வந்துவிடும்.

பிரேசிலின் பரானா மாநிலத்தில் ஹெர்பர்ட் பார்ட்ஸ் என்ற விவசாயி, மழையில் மண் அடித்துப் போவதைத் தடுக்க 1972-இல் உழவை விட்டு நேரடி விதைப்புக்கு மாறினார். அது பெரிய இயக்கமாகவே வளர்ந்தது. நம்ம காவிரிப் பாசனத்திலோ வருஷத்தில் ஒரு போகம் உழாமலேதான் நடக்கிறது! (நெல்லுக்குச் சேறு அடிக்கிறோம், அதனால் ரொம்பப் பெருமை அடிக்க முடியாது.)

சரி, அந்த அரிதாள் என்ன ஆகிறது? அதை மண்ணில் உள்ள பாக்டீரியாவும் பூஞ்சையும் தின்கின்றன. அவற்றுக்குக் கார்பன்தான் சோறு, நைட்ரஜன் என்கிற தழைச்சத்து குழம்பு. சுமார் 24 பங்கு கார்பனுக்கு 1 பங்கு நைட்ரஜன் இருந்தால் திருப்தியாகச் சாப்பிடும். இளம் தக்கைப்பூண்டில் கிட்டத்தட்ட அந்த அளவு குழம்பு இருக்கிறது, அதனால் சீக்கிரம் மக்கிப் பயிருக்குச் சத்து கிடைக்கிறது. வைக்கோலிலோ 1 பங்கு நைட்ரஜனுக்கு 60 பங்குக்கு மேல் கார்பன். வெறும் சோறு! பற்றாத குழம்பை அவை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. அந்த நேரத்தில் அங்கே நெல்லோ சோளமோ இருந்தால் இலை மஞ்சளாகிவிடும். நுண்ணுயிர்கள் செத்த பிறகுதான் அந்தச் சத்து திரும்பி வரும்.

அங்கேதான் உளுந்தின் கெட்டிக்காரத்தனம். அதன் வேர் முடிச்சில் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கிறது. மண்ணில் குழம்பு குறைந்தாலும் உளுந்து பெரிதாகத் தவிக்காது. நம் பாட்டன் பூட்டன் இந்தக் கணக்கெல்லாம் போட்டிருக்க மாட்டார்கள், ஆனால் பொருத்தமான பயிரைத்தான் பிடித்திருக்கிறார்கள்.

சாம்பல் சத்தின் கதை வேறு. பொட்டாசியம் தாளின் சாற்றில் கரைந்தே இருப்பதால், மக்கும்வரை காத்திருக்காது. பனியும் மழையும் பட்டாலே கழுவி இறங்கிவிடும். ஒரு டன் காய்ந்த வைக்கோலில் 5 முதல் 8 கிலோ தழைச்சத்தும், 12 முதல் 17 கிலோ பொட்டாசியமும் இருக்கிறது. தீ வைத்தால் தழைச்சத்து ஏறக்குறைய முழுவதும் புகையாகப் போய்விடும், மணிச்சத்தில் கால் பங்கும் போகும். "சாம்பல்தானே சத்து, கொளுத்தினா என்ன?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பேரைப் பார்த்து ஏமாறாதீங்க!

உழுது புதைத்தால் தாள் வேகமாக மக்கும். உழாமல் விட்டால் மண்ணைத் தொடும் அடிப்பகுதிதான் முதலில் மக்கும். மேல்பகுதி காய்ந்து நிற்கும், அதிலுள்ள சிலிக்காவும் அதைச் சீக்கிரம் கரைய விடாது. மெதுவாக மக்குவது இங்கே நல்லதுதான். அந்த நிழலில் ஈரம் சில நாள் கூடுதலாக நிற்கும். தண்ணீரே விடாத பயிருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்!

இப்போது இதற்கு ஒரு சிக்கல். அறுவடை இயந்திரம் இறங்கினால் அதன் சக்கரம் உளுந்து முளைகளை நசுக்கிவிடுகிறது. அதனால் சிலர் அறுத்த பிறகு விதைக்கிறார்கள், அதற்குள் ஈரம் குறைந்துவிடுகிறது. அறுக்க ஆள் கிடைக்காதபோது அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. வைக்கோலை மாட்டுக்குக் கொடுக்காமல் மண்ணுக்கே விடு என்றும் சொல்ல முடியாது. மாட்டுக்குப் போனது சாணியாகத் திரும்பி வந்தால் நஷ்டம் குறைவு. என் கருத்தில், அடித்தாளையாவது கொளுத்தாமல் விடலாம். உளுந்தையும் வேரோடு பிடுங்காமல் அரிவாளால் அறுக்கலாம், முடிச்சு மண்ணிலேயே தங்கும்.

சந்தேகம் இருந்தால் பள்ளித் தோட்டத்திலேயே சோதிக்கலாம். கொசுவலையில் மூன்று பை தையுங்கள். ஒன்றில் காய்ந்த அகத்தி இலை, இரண்டில் வைக்கோல், மூன்றும் ஒரே எடை. அகத்திப் பையையும் ஒரு வைக்கோல் பையையும் நாலு விரல் ஆழத்தில் புதையுங்கள், இன்னொரு வைக்கோல் பையை மண்மேலேயே வையுங்கள். லேசாகத் தண்ணீர் தெளித்து, ஒரு மாதம் கழித்து எடுத்து, மண்ணை உதறிக் காயவைத்து நிறுத்துப் பாருங்கள். எது அதிகம் இளைத்தது என்று தராசு சொல்லும்.