பாட்டைக் கட்டியவருக்கு மேடையில் இடமுண்டா?

தைப்பூசத்தன்று வடலூரில் ஒலிக்கும் பாடல்களுக்குக் கணக்கில்லை. ஞான சபைத் திடலில் நடந்து வந்த கூட்டம் பாடுகிறது. தருமச்சாலை வரிசையில் நிற்கும் மூதாட்டி முணுமுணுக்கிறார். பாடுபவர் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. ஆனால், பாடலை இயற்றியவர் யார் என்பதை அறியாதவர் அந்தத் திடலில் இருக்க முடியாது. திருவருட்பா 1867-இல் அச்சேறியபோது தம் பெயரோடு 'சாமி' என்ற அடைமொழி சேர்வதையே வள்ளலார் விரும்பவில்லை. அப்படி ஒதுங்கி நின்றவரின் பெயர்தான் இன்றும் அப்பாடல்களோடு நிற்கிறது.

அதே ஊரில் ஆடி மாதம் வந்தால் காட்சி மாறிவிடுகிறது. நெய்வேலிச் சாலையிலும் சேத்தியாத்தோப்புச் சாலையிலும் கோயில் திருவிழாப் பதாகைகள் முளைக்கின்றன. அவற்றில் பாடகரின் படத்துக்குக் கீழே 'தொலைக்காட்சி புகழ்' என்று தடித்த எழுத்தில் இருக்கும். இங்கே பாடுபவரை எல்லாருக்கும் தெரியும். அவர் பாடும் பாட்டைக் கட்டியவர் யாரென்று விழாக் குழுவுக்கும் தெரியாது, கேட்கும் நமக்கும் தெரியாது.

இந்தப் புரட்டலில் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. தமிழில் 2006-இல் விஜய் தொலைக்காட்சி 'சூப்பர் சிங்கர்' நிகழ்ச்சியைத் தொடங்கியது. அதன் அமைப்பு எளிது: முன்பே புகழ்பெற்ற திரைப்பாடலைப் போட்டியாளர் பாட வேண்டும், மூலக் குரலுக்கு எவ்வளவு நெருங்கினார், எங்கே சுருதி விலகினார் என்று நடுவர்கள் சொல்வார்கள், இறுதியில் மக்கள் வாக்களிப்பார்கள். அளவுகோல் முழுவதும் குரலுக்கானது. சொந்தமாகப் பாட்டுக் கட்டுபவர் அங்கே போனால், தம் திறமையில் பாதியை வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும்.

அந்த வாசலைச் சற்றே அகலப்படுத்தியவர்கள் செந்தில் கணேஷும் ராஜலட்சுமியும். புதுக்கோட்டை மாவட்டத்துக்காரரான செந்தில் கணேஷ், மனைவி ராஜலட்சுமியோடு ஊர் ஊராக மக்களிசை மேடைகளில் பாடிவந்தவர். 2018-இல் ஆறாவது பருவத்தில் இருவரும் தனித்தனிப் போட்டியாளர்களாகக் கலந்துகொண்டார்கள். திரைப்பாடல்களுக்கு நடுவே, திருவிழா மேடையின் உடையோடும் உச்சரிப்போடும் நாட்டுப்புறப் பாடல்களைப் பாடினார்கள். அந்த ஆண்டு ஜூலையில் செந்தில் கணேஷ் பட்டம் வென்றார். நாட்டுப்புறக் கலைஞர் விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனுக்கு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். மக்களிசைக்கு அது நல்ல ஆண்டு என்று பலரும் மகிழ்ந்தோம். அதில் பிழையில்லை.

வென்ற பிறகு நடந்ததைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். திரைத்துறை அவர்களை உடனே அழைத்தது. 'விஸ்வாசம்' படத்தில் இமான் இசையில் இருவரும் பாடினார்கள். 2021-இல் 'புஷ்பா' படத்தின் தமிழ் வடிவத்தில் ராஜலட்சுமியின் குரல் ஒலித்தது. வாய்ப்புகள் பெரியவை, ஆனால் கேட்கப்பட்டது குரல் மட்டுமே. 'கிராமத்துக் குரல் வேண்டும்' என்ற தேவைக்கு அவர்கள் பொருந்தினார்கள், வரிகள் வேறொருவருடையவை.

ஒரு விதிவிலக்கு 'சின்ன மச்சான்'. திருவிழா மேடைகளில் இவர்கள் பாடிப் பரவிய அந்தப் பாட்டு, 2019-இல் வெளியான 'சார்லி சாப்ளின் 2' படத்தில் அம்ரீஷ் இசையில் இடம்பெற்றது. யூடியூபில் கோடிக்கணக்கில் பார்க்கப்பட்டது. அதை எழுதியவர் செல்ல தங்கையா. செந்தில் கணேஷைக் கதாநாயகனாக வைத்துக் 'கரிமுகன்' என்ற படத்தை இயக்கியவரும் அவர்தான். பாட்டை அறிந்தவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் இந்தப் பெயரைச் சொல்வார்கள்? நானே சில ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஆயினும் அவர் நல்லூழ் உடையவர். திரைப்படத்தின் பெயர்ப் பட்டியலில் இடம் கிடைத்தது. பெரும்பாலோருக்கு அதுவும் கிடைப்பதில்லை.

காரணம் 'நாட்டுப்புறப் பாடல்' என்ற சொல்லிலேயே இருக்கிறது. நாட்டுப்புறப் பாடல் என்றால் யாரும் எழுதாதது, மண்ணிலிருந்து தானாக முளைத்தது, எனவே யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறோம். தாலாட்டும் நடவுப் பாட்டும் அப்படி வந்தவையாக இருக்கலாம். ஆனால் இன்று மேடையில் ஒலிப்பவற்றில் பல, உயிரோடு இருக்கும் ஒருவர் உட்கார்ந்து கட்டியவை. வடலூரை அடுத்த சிற்றூர் ஒன்றில் நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு பாடகரிடம், கடைசிப் பாட்டை யார் எழுதியது என்று கேட்டேன். "அது கிராமியப் பாட்டுங்க சார், யாரும் எழுதல" என்றார். தேநீர் குடித்து முடிக்கும்போது, "நடுவுல வர்ற ரெண்டு சரணம் மட்டும் நான் கட்டுனதுங்க" என்று தயங்கிச் சொன்னார். தம்முடையது என்று சொல்லக் கூச்சம். சொன்னால் கிராமியத் தன்மை போய்விடுமோ என்ற அச்சமும்கூட.

சட்டம் அவரைப்போலத் தயங்கவில்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, பாட்டை எழுதிய கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்வது கட்டாயமில்லை. மரபு மெட்டில் புது வரிகள் கட்டினாலும் அவ்வரிகள் கட்டியவருக்கே உரியவை. அவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டுகள் அந்த உரிமை நீடிக்கும். 2012-இல் வந்த திருத்தம் இன்னும் ஒருபடி மேலே சென்றது: படத்துக்குக் கொடுத்த பாட்டின் உரிமையை எழுதிக்கொடுத்துவிட்டாலும், திரையரங்குக்கு வெளியே அது பயன்படும்போது வரும் உரிமத்தொகையில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிய பங்கை அவர்களே நினைத்தாலும் விட்டுக்கொடுக்க இயலாது. பாடகருக்கும் தம் நிகழ்த்துதலின் மீது 50 ஆண்டு உரிமை உண்டு. உரிமத்தொகையைத் திரட்டிப் பகிர, 1969 முதல் இந்திய நிகழ்த்துரிமைச் சங்கம் இயங்குகிறது. ஆனால் உறுப்பினரல்லாதவருக்கு அச்சங்கம் எதைத் திரட்டும்? எழுதியவர் பெயரே தெரியாத பாட்டுக்கு யாருக்குப் பங்கு தரும்?

போட்டி என்றாலே குரலுக்குத்தான் என்பது இயற்கை விதியல்ல. இத்தாலியின் சான் ரேமோ விழா 1951-இல் தொடங்கியபோது 20 புதிய பாடல்கள் களத்தில் இருந்தன. அத்தனையையும் பாடியவர்கள் மூன்றே தரப்பினர். பரிசு பாட்டுக்கு. அந்த விழாவைப் பார்த்து உருவான யூரோவிஷனும் 1956 முதல் பாடல்களுக்கான போட்டியாகவே நடக்கிறது. அங்கும் பாடகர்தான் அதிகம் பேசப்படுகிறார், மறுப்பதற்கில்லை. ஆயினும் பழைய பாட்டை நன்றாகப் பாடி எவரும் அங்கே வெல்ல முடியாது.

நம் அலைவரிசைகளுக்கு இது அரிதான வேலையன்று. ஒரு பருவத்தில் இரண்டு சுற்றுகளைப் போட்டியாளரின் சொந்தப் பாட்டுக்கோ அவருடைய ஊர்ப் பாடலாசிரியரின் பாட்டுக்கோ ஒதுக்கலாம். பாடகர் பெயர் திரையில் வரும் அதே அளவு எழுத்தில், அதே நேரம், எழுதியவர் பெயரும் வரலாம். ஊர் விழாக் குழுக்களும் தொகுப்பாளரிடம் ஒரு சீட்டைக் கொடுத்துப் பாடலாசிரியர் பெயரை வாசிக்கச் சொல்லலாம். அதற்குக் காசு செலவில்லை.

தேநீர்க் கடையில் சந்தித்த அந்தப் பாடகரிடம் நான் சொன்னது இன்னும் சிறியது. கட்டிய பாட்டை அன்றைக்கே கைப்பேசியில் பாடிப் பதிவுசெய்து, தேதியோடு தமக்கே மின்னஞ்சலில் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். யாராவது படத்துக்குக் கேட்டால், பெயர் எப்படி இடம்பெறும் என்பதை எழுத்தில் வாங்காமல் மெட்டைப் பாடிக் காட்டாதீர்கள். "மின்னஞ்சல் பையன் பேர்ல இருக்குது சார், பரவால்லையா?" என்று கேட்டார். முதலில் உங்கள் பெயரில் ஒன்று தொடங்கச் சொல்லுங்கள் என்றேன்.