மூத்தோர் சொல்ல இளையோர் கேட்கும் வரலாற்றுக் கதை

முற்காலத் திண்ணைப் பள்ளிகளிலே ஆசிரியர் ஒருவர். மாணாக்கரோ பல தரத்தினர். மூத்த மாணாக்கனாகிய சட்டாம்பிள்ளை இளையோருக்குப் பாடஞ் சொல்லிக்கொடுப்பான். சென்னையில் படைவீரரின் ஆதரவற்ற ஆண்மக்களுக்கான இல்லத்தின் பொறுப்பை 1789ஆம் ஆண்டில் ஏற்ற அன்ட்ரூ பெல் பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயிலக் கண்டார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் ஒழுங்கை அங்கு அமைத்தார். 1797இல் இலண்டனில் அவரது நூல் வெளிவந்தபின், அது 'சென்னை முறை' என்ற பெயருடன் பிற நாடுகளிலும் பரவியது.

வரலாற்றுக் கதைகளைக் கற்பதற்கு இம்முறை மிகவும் ஏற்றது. கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய 'பொன்னியின் செல்வன்' கதையை, எட்டாம் வகுப்பு மாணவியொருத்தி நான்காம் வகுப்பினருக்குச் சொன்னால், "பூங்குழலி மெய்யாகவே ஈழத்துக்குப் படகோட்டி வந்தாளா?" என்று ஒரு சிறுவன் கேட்பான். விடை கூற அவள் நூல்களைத் தேடவேண்டும். அருண்மொழிவர்மன், இராசராசன் என்ற பெயருடன் கல்வெட்டுக்களிற் காணப்படும் மன்னன். ஓடக்காரப் பெண்ணோ ஆசிரியரின் கற்பனை. கேட்டவன் கதையை அறிந்தான்; சொன்னவளோ கதையோடு வரலாற்றையும் கற்றாள்.

சொறிக்கல்முனை முதலாக, தமிழரும் முஸ்லிம்களும் அயலவராய் வாழும் கல்முனைப் பகுதி ஊர்களுக்கு இப்பயிற்சி பெரிதும் வேண்டுவது. பழைய போர்க்கதையை முழு வரலாறென மயங்கும் பிள்ளை, அயலவனையும் பகைவனாக எண்ணக்கூடும். நடந்ததையும் புனைந்ததையும் பிரித்தறியப் பழகிய பிள்ளை அவ்வாறு எளிதில் மயங்காது.