வீடூர் அணையில் ஒரு போர்க்கப்பல்

விழுப்புரம் ரயில்களின் ஊர். கப்பல்களின் ஊர் அல்ல. திண்டிவனத்துக்காரர்கள் கடலைப் பார்க்க வேண்டுமானால் மரக்காணம் வரை போகவேண்டும். இந்த இரண்டு ஊர்ப் பள்ளி அறிவியல் மன்றங்களும் கூடி ஒரு போர்க்கப்பல் கட்டினால் எப்படி இருக்கும்? கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கும் அட்டைக் கப்பல் அன்று. தண்ணீரில் தானே ஓடித் திரும்பிக் கரைசேரும் பெரிய மாதிரிக் கப்பல்!

இது வீண் கனவு என்று எண்ணவேண்டாம். தேசிய மாணவர் படையின் கடற்படைப் பிரிவில் கப்பல் மாதிரி செய்வது பயிற்சியில் ஒரு பகுதி. அகில இந்திய நௌ சைனிக் முகாமில் அதற்குப் போட்டியே உண்டு. ஆகவே உங்களைப் போன்ற மாணவர்கள் ஏற்கெனவே செய்து வரும் வேலைதான்.

எந்தக் கப்பலைக் கட்டலாம்? நம் ஊர்ப் பெயர் கொண்ட ஐ.என்.எஸ். சென்னையையே எடுத்துக்கொள்வோம். மும்பையில் கட்டப்பட்டு, 2016 நவம்பரில் கடற்படையில் சேர்ந்த நாசகாரிக் கப்பல் அது. நீளம் ஏறத்தாழ 163 மீட்டர், அகலம் 17.4 மீட்டர், எடை சுமார் 7,500 டன், வேகம் 30 நாட்டுக்கு மேல். ஐம்பதில் ஒரு பங்கு அளவில் கட்டினால் நீளம் 3.26 மீட்டர், அகலம் சுமார் 35 சென்டிமீட்டர். எடை எவ்வளவு? 7,500-ஐ 50-ஆல் வகுத்து 150 டன் என்று சொல்லிவிடாதீர்கள்! நீளம், அகலம், உயரம் மூன்றுமே ஐம்பதில் ஒரு பங்காகின்றன. எனவே 50-இன் கனமாகிய 1,25,000-ஆல் வகுக்க வேண்டும். விடை 60 கிலோகிராம். நான்கு பேர் தூக்கிவிடலாம்.

வேகத்தின் கணக்கு வேறு. 1860-களிலும் 1870-களிலும் வில்லியம் ஃபுரூட் என்ற ஆங்கிலப் பொறியாளர் இதற்கு விடை கண்டார். சிறிய மாதிரிகளை நீரில் இழுத்து அவை எழுப்பும் அலைகளைக் கவனித்தார். வேகத்தை நீளத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறைத்தால் மாதிரியின் அலைகளும் பெரிய கப்பலின் அலைகளும் ஒரே வடிவில் அமைகின்றன என்று கண்டார். 1872-இல் டார்க்கி நகரில் இதற்கென்றே ஒரு நீண்ட தொட்டி கட்டி, பாரபின் மெழுகால் செய்த மாதிரிகளைச் சோதித்தார். சோதனை முடிந்த மாதிரியை உருக்கி மறுபடி பயன்படுத்திக்கொள்ளலாம், சிக்கனக்காரர்! இன்று விசாகப்பட்டினத்திலுள்ள கடற்படை ஆய்வுக்கூடத்தில் 500 மீட்டர் நீளமுள்ள இழுவைத் தொட்டி இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யிலும் ஒரு தொட்டி உண்டு.

50-இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 7. ஆகவே நம் கப்பல் மணிக்கு 8 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஓடினால் போதும். பெரிய கப்பல் 30 நாட் வேகத்தில் எழுப்பும் அலைகளின் வடிவம் அப்படியே கிடைக்கும். கரையில் நீங்கள் மெல்ல ஓடியே உடன் செல்லலாம்.

உடற்பகுதியைக் கட்டுவது தச்சு வேலை. படகுத் தச்சர்கள் 'ஏரா' என்று சொல்லும் அடிக்கட்டையின் மேல் ஒட்டுப்பலகையில் வெட்டிய வங்குகளை வரிசையாக நிறுத்தி, மெல்லிய மரப்பட்டிகளைப் பொருத்தி, மேலே கண்ணாடி இழையும் ரெசினும் பூசவேண்டும். இரண்டு துண்டாகக் கட்டி நடுவில் போல்ட் போட்டு இணைப்பது நல்லது. முன்பாதி விழுப்புரத்திலும் பின்பாதி திண்டிவனத்திலும் தயாராகட்டும். இணையும் இடத்தில் இரு பக்கமும் நீர்புகாத் தடுப்பு அவசியம்.

இனிமேல்தான் உண்மையான ஆபத்து. கூட்டாக வேலை செய்யும்போது ஆளுக்கு ஆள் அழகு சேர்ப்பார்கள். ஒருவர் தகரத்தில் பீரங்கி செய்வார். இன்னொருவர் ரேடார் கம்பத்தைப் பித்தளையில் செய்வார். மூன்றாமவர் நான்கு கோட் பெயிண்ட் அடிப்பார். ஒவ்வொன்றும் சில நூறு கிராம்தான். ஆனால் எல்லாம் மேல்தளத்துக்கு மேலே!

சுவீடன் நாட்டின் 'வாசா' என்ற போர்க்கப்பலுக்கு இதுவே நேர்ந்தது. புறப்படுமுன் 30 மாலுமிகளைத் தளத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஓடவிட்டுச் சோதித்தார்கள். மூன்றாம் ஓட்டத்திலேயே கப்பல் ஆடிய ஆட்டத்தைக் கண்டு சோதனையை நிறுத்திவிட்டார்கள். கப்பலை மட்டும் நிறுத்தவில்லை. 1628 ஆகஸ்டு 10 அன்று 64 பீரங்கிகளுடன் கிளம்பிய அது, ஒன்றரைக் கிலோமீட்டர் கூடப் போகாமல் ஸ்டாக்ஹோம் துறைமுகத்திலேயே கவிழ்ந்தது. சுமார் 30 பேர் மாண்டனர்.

நம் கப்பலின் சோதனை எளிது. கப்பலை நீரில் மிதக்கவிட்டு, உள்ளே அரை மீட்டர் நூலில் ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிடுங்கள். நடுவில் இருக்கும் 1 கிலோ எடைக்கல்லை 15 சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகர்த்துங்கள். கப்பல் சாயும், குண்டு விலகும். 2.6 சென்டிமீட்டர் விலகியது என்று கொள்வோம். 1-ஐ 15-ஆல் பெருக்கி, 60-ஆலும், 2.6-க்கும் 50-க்கும் உள்ள விகிதத்தாலும் வகுத்தால் 4.8 வரும். சாயும் கப்பலை நிமிர்த்தும் மிதப்பு விசை ஒரு புள்ளி வழியாக மேல்நோக்கிச் செல்கிறது. அதற்கு மெட்டா மையம் என்று பெயர். கப்பலின் ஈர்ப்பு மையம் அதற்கு 4.8 சென்டிமீட்டர் கீழே இருக்கிறது என்பதே இதன் பொருள். மேலே பாரம் ஏற ஏற இந்த எண் சுருங்கும். பூச்சியத்துக்குக் கீழே போனால் கப்பல் நிமிர்ந்து நிற்காது. மருந்து என்ன? மின்கலங்களை ஏராவின் மேலேயே தாழ வைப்பதும், கம்பத்துக்குப் பித்தளைக்குப் பதில் மூங்கில் குச்சி போடுவதும்தான். சேரும் ஒவ்வொரு பொருளின் எடையையும் உயரத்தையும் ஒரு நோட்டில் எழுதிவர ஓர் ஆள் வேண்டும். அவர் பேச்சுக்கு மறுபேச்சு கூடாது!

வெள்ளோட்டத்துக்குத் திண்டிவனம் பக்கத்து வீடூர் அணை நீர்த்தேக்கம் பொருத்தமானது. மழைக்காலம் முடிந்த பின், அதிகாரிகளின் அனுமதி பெற்று, நீந்தத் தெரிந்த பெரியவர்கள் உடனிருக்க, காற்று அடங்கிய காலை வேளையில் இறக்குங்கள். மோட்டார் நின்றுவிட்டால் இழுத்துவர ஒரு படகு இருக்கட்டும். நீங்களே நீந்திப் போய் எடுத்துவர முயலவேண்டாம்.

பிறகு அதே கப்பலை மரக்காணம் பக்கத்து உவர்நீரில் ஒருமுறை மிதக்கவிட்டு, நீர் தொடும் கோட்டைக் குறித்துப் பாருங்கள். 60 கிலோ கப்பல் வீடூரில் 60 லிட்டர் நீரை விலக்கும். கடல்நீர் அடர்த்தி மிக்கது, ஆகவே அங்கே ஏறத்தாழ 58.5 லிட்டர் போதும். கோடு சுமார் 2 மில்லிமீட்டர் கீழே இறங்கியிருக்கும்.