மலரா, காடியா?

ஒரே சீசாவிலிருந்து எழும் ஒரே பரிமளம், அருகருகே நிற்கும் இருவரில் ஒருவருக்கு மலராகவும் மற்றவருக்குப் புளித்த காடியாகவும் தோன்றக்கூடுமா?

பாரிஸ் நகரத்தில், பியர் பால்மேன் என்ற ஆடைக் கலைஞரின் நிறுவனத்துக்காக, ஜெர்மேன் செல்லியே என்னும் பெண்மணி 1953-ஆம் ஆண்டில் சிருஷ்டித்த ‘ஜோலி மதாம்’ என்ற வாசனைத் திரவியம், வயலட் மலரின் மென்மையைப் பதனிட்ட தோலின் கரிய, கசப்பான நெடியோடு பிணைத்து, கார்கால மாலைக்கு உரியதொரு கம்பீரமான சோகத்தைத் தன்னகத்தே கொண்டது. இத்தகைய இருண்ட வயலட் வாசனையை உயிராய்ப் போற்றுவோரும் உண்டு. முகர்ந்த மாத்திரத்தில் முகம் சுளிப்போரும் உண்டு.

இதை வெறும் ருசி பேதம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. ஏனெனில், வயலட் மணத்துக்கு ஆதாரமான ரசாயன வஸ்துக்களுள் ஒன்றாகிய பீட்டா அயனோனை அறியும் சக்தி, நாசியின் வாசனை உணர்வை அமைக்கும் மரபணுக்களுள் ஒன்றே ஒன்றைத்தான் பெரிதும் சார்ந்திருக்கிறது என்றும், அது ஒரு விதமாக வாய்த்தவர்கள் மலரின் இனிமையையும், வேறு விதமாக வாய்த்தவர்கள் புளிப்பு நெடியையும் உணர்கிறார்கள் என்றும் விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள்.

இந்த மணத்துக்கு இன்னொரு விசித்திர குணமும் உண்டு. தொடர்ந்து முகர்ந்தால் நாசி விரைவிலேயே சோர்ந்து, வாசனையே இல்லாததுபோல் ஆகிவிடும். சற்றுப் பொறுத்து முகர்ந்தாலோ, முதன்முறை அறிந்த அதே புதுமையோடு அது திரும்பவும் வந்து நிற்கும்!