உழவர் நிறுவனத்துக்கு வழிகாட்டும் விற்பனைக் கணக்கு

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களில் பதிவுகளுக்குக் குறைவில்லை. கொள்முதல் பதிவேடு, எடைச் சீட்டு, விற்பனை பில், இருப்புப் பதிவேடு என எல்லாம் எழுதப்படுகின்றன. தணிக்கை முடிந்ததும் அவை பீரோவுக்குள் போய்விடுகின்றன. அடுத்த பருவத்தில் யாரிடம் விற்பது, எதை வாங்கி வைப்பது என்பதைப் பல இடங்களில் ஞாபகத்தை வைத்தே முடிவு செய்கிறார்கள்.

இந்தப் பதிவுகளை ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுப்பதைத்தான் பெரிய நிறுவனங்கள் 'வணிக நுண்ணறிவு' என்கின்றன. அதற்கு விலை உயர்ந்த மென்பொருள் தேவையில்லை. கணினியில் ஒரு எக்செல் அட்டவணை போதும்.

எது நல்ல விலை?

நிலக்கடலை விற்பனைக்கு ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். ஒரு வியாபாரி கிலோவுக்கு ரூ.72 தருகிறார். மண், ஈரப்பதம் என்று குவிண்டாலுக்கு 3 கிலோ கழிக்கிறார். பணம் 30 நாள் கழித்து வரும். இன்னொருவர் ரூ.71 தருகிறார். 1 கிலோ மட்டுமே கழித்து, அன்றே பணம் கொடுக்கிறார்.

முதலாமவரிடம் குவிண்டாலுக்குக் கிடைப்பது ரூ.6,984. நிறுவனம் 12 சதவீத ஆண்டு வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தால், ஒரு மாத வட்டி சுமார் ரூ.70 போக ரூ.6,914தான் மிஞ்சும். இரண்டாமவரிடம் ரூ.7,029 கிடைக்கும். வித்தியாசம் ரூ.115. இருபது டன் விற்றால் ரூ.23,000. கூடுதல் விலை சொன்னவரிடம் விற்றதால் வரும் நஷ்டம் இது.

பில்லில் நிகர எடையை மட்டும் எழுதினால் இந்தக் கழிவு கண்ணில் படாது. மொத்த எடை, கழிவு, விலை, பணம் வந்த தேதி ஆகியவற்றைத் தனித்தனிக் கட்டங்களில் எழுத வேண்டும். ஒரே வியாபாரியின் பெயரை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி பதிவது அவசியம்.

கடையில் தூங்கும் பணம்

இடுபொருள் கடையில் ஒவ்வொரு பொருளுக்கும் வாங்கிய தேதி, கடைசியாக விற்ற தேதி, காலாவதி தேதியைக் குறியுங்கள். தொண்ணூறு நாளாக விற்காதவற்றை மாதந்தோறும் பட்டியலிடுங்கள். காலாவதியாகும் ஒவ்வொரு மருந்து பாட்டிலும் உறுப்பினர்களின் பங்குத் தொகைதான்.

மூன்றாவதாக, சென்ற பருவத்தில் விளைச்சலைக் கொடுத்து, இந்தப் பருவத்தில் கொடுக்காத உறுப்பினர்களைப் பட்டியலிடுங்கள். காரணம் அட்டவணையில் இருக்காது. அவர்கள் வீட்டுக்குப் போய்க் கேட்டால்தான் தெரியும்.

இந்த மூன்று பட்டியல்களையும் ஒரே தாளில் எடுத்து, மாதாந்திர இயக்குநர் கூட்டத்தில் முதலில் வாசியுங்கள். விலை, கொள்முதல் பற்றிய விவாதம் அதன் பிறகு நடக்கட்டும்.