கடல்நீரேரியும் காற்றும் சைக்கிளும்

மேடு பள்ளமில்லாத நாட்டிற் சைக்கிளோடுவது மிக இலகுவான காரியம் என்று பலர் எண்ணுவர். ஏற்றத்தைக் கண்டதும் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிச் செல்லும் மலைநாட்டவருக்கு நமது யாழ்ப்பாணக் குடாநாடு சொர்க்கமாகவே தோன்றக்கூடும். ஆனால், ஆடி மாதத்துப் பின்னேரம் ஒன்றிற் பண்ணைத் தாம்போதி வழியே தீவுப்பக்கம் நோக்கிச் சைக்கிளோடிய எவரும் அவ்வாறு சொல்லமாட்டார். மலையில்லாத இடத்தில் மலையின் வேலையைக் காற்றுச் செய்கிறது. அது எவ்வாறு நிகழ்கிறது என்பதையும், அதனை அறிந்து நாம் நடந்துகொள்ள வேண்டிய முறையையும் இங்கு நோக்குவோம்.

நிலமும் நீரும்

குடாநாட்டின் அடித்தளம் சுண்ணக்கல். மயோசீன் காலத்தில் ஆழமற்ற கடலின் அடியிற் படிந்த படைகளே இன்று நம் காலடியில் உள்ளன. கிணறு வெட்டும்போது வெளிப்படும் கல்லிற் சிப்பிகளின் சுவடுகளைக் காண்பது இதனாலேயே. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இங்கில்லை. ஆகவே நிலத்தை அறுத்துப் பள்ளத்தாக்குகளை உண்டாக்குவாரும் இல்லை. கிணற்று நீரை நம்பி வாழும் தட்டையான நாடு இது.

இந்நாட்டின் ஓரங்களிற் கடல் உள்ளே புகுந்து ஆழமற்ற நீரேரிகளாகக் கிடக்கிறது. பண்ணையில் நின்று பார்த்தால் நீரினுள்ளே தடிகளை நட்டுக் கட்டிய களங்கண்ணி வலைகளும் சிறகு வலைகளும் வரிசையாகத் தெரியும். தடி நட்டு வலை கட்டக்கூடிய அளவுக்கே அங்கு ஆழம் உண்டு. ஆழம் குறைவாயிருந்தமையாற்றான் நீரின் நடுவே அணைபோல் நிரவி வீதி அமைக்கவும் முடிந்தது. யாழ்ப்பாணக் கோட்டையருகே தொடங்கி மண்டைதீவு, அல்லைப்பிட்டி, வேலணைப் பக்கம் செல்லும் பண்ணைத் தாம்போதி, வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் தாம்போதி, காரைநகருக்குச் செல்லும் பொன்னாலைத் தாம்போதி ஆகியவை இவ்வாறானவை. தெற்கே பூநகரிப் பக்கம் செல்லும் சங்குப்பிட்டிப் பாலம் 2011 ஆம் ஆண்டு சனவரியிற் திறக்கப்பட்டது.

ஊரினுள்ளே செல்லும்போது வேலிகளும் மதில்களும் பனைகளும் காற்றைத் தடுக்கின்றன. தாம்போதியில் ஏறியதும் இவை யாவும் பின்னால் நின்றுவிடுகின்றன. இருபுறமும் நீர், மேலே வெயில். காற்று எத்திசையில் வீசினாலும் நம்மைத் தவிர அதனைத் தடுக்க அங்கு ஒன்றுமில்லை.

காற்றின் கணக்கு

மெதுவாகச் செல்லும்போது நமது உழைப்பிற் பெரும் பங்கு ரயருக்கும் வீதிக்கும் இடையிலுள்ள தடையை வெல்வதிற் செலவாகிறது. வேகம் மணிக்கு 15 கிலோமீற்றரை எட்டும்போது காற்றின் தடை அதனை முந்திவிடுகிறது. இத்தடை வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப வளர்வது. அதாவது, நம்மை எதிர்த்து வரும் காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்காகும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். காற்றே வீசாத நாளில் மணிக்கு 12 கிலோமீற்றர் வேகத்திற் செல்கிறோம். நம் முகத்தில் மோதும் காற்றின் வேகமும் 12 தான். இனி, எதிரே மணிக்கு 12 கிலோமீற்றர் வேகத்திற் காற்று வீசுகிறது. அது ஒரு பெருங்காற்றன்று. ஆயினும் அதே வேகத்திற் சென்றால் முகத்தில் மோதுவது 24. காற்றின் தடையோ நான்கு மடங்கு. கால்கள் சோர்வதில் வியப்பென்ன?

“போகும்போது எதிர்த்த காற்று வரும்போது தள்ளிவிடும், கணக்குச் சரியாகிவிடும்” என்று சிலர் ஆறுதல் கூறுவர். கணக்குச் சரியாவதில்லை. 12 கிலோமீற்றர் தூரத்தை மணிக்கு 12 கிலோமீற்றர் வேகத்திற் சென்று திரும்ப இரண்டு மணித்தியாலம் போதும். எதிர்காற்றில் 8 ஆகவும் பின்காற்றில் 16 ஆகவும் சென்றால், போக ஒன்றரை மணித்தியாலமும் வர முக்கால் மணித்தியாலமும் ஆகும். மொத்தம் இரண்டேகால் மணித்தியாலம். காற்று எடுத்துக்கொண்ட கால் மணித்தியாலத்தை அது திருப்பித் தரவேயில்லை. துன்பப்படும் வேளை நீளமாயும் சுகமான வேளை குறுகியதாயும் இருப்பதே இதற்குக் காரணம்.

வாடையும் சோளகமும்

நமது கடற்றொழிலாளர் காற்றுகளுக்குப் பெயரிட்டு அழைப்பர். வடகீழ்ப் பருவத்தில் மழையோடு வருவது வாடை. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து உரத்து வீசுவது சோளகம். இவற்றின் திசையைப் பண்ணை வீதியின் திசையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரு முக்கியமான விடயம் புலப்படும். பண்ணைத் தாம்போதி நகரிலிருந்து தென்மேற்கு நோக்கியே செல்கிறது. ஆகவே இரு பருவக்காற்றுகளும் ஏறத்தாழ அவ்வீதியின் நேர்கோட்டிலேயே வீசுகின்றன.

தீவுப்பகுதியிலிருந்து நகரப் பாடசாலைக்குச் சைக்கிளில் வரும் ஒரு மாணவியை எண்ணிக்கொள்வோம். சோளகக் காலத்திற் காலையிற் காற்று அவளைத் தள்ளிக்கொண்டு வருகிறது. பாடசாலை முடிந்து, பசியோடும் புத்தகச் சுமையோடும், உச்சி வெயில் தணியாத நேரத்தில் அதே காற்றை எதிர்த்து அவள் வீடு செல்லவேண்டும். வாடைக் காலத்தில் நிலைமை மாறுகிறது. விடிய முன்னரே புறப்பட்டாலும் மழையும் எதிர்காற்றும் சேர்ந்து அவளைத் தடுக்கின்றன. மேலே சொன்ன கணக்கின்படி, காலை 6.15 க்குப் புறப்படுபவள் பின்காற்றில் 7 மணிக்கு வந்துசேர்வாள், எதிர்காற்றில் 7.45 ஆகிவிடும். அவள் எழும்பிய நேரம் ஒன்று, புறப்பட்ட நேரம் ஒன்று, வீதியும் ஒன்றே. மாறியது காற்று மட்டுமே. மார்கழி மாதத்திற் பிந்தி வரும் தீவு மாணவியைச் சோம்பேறி என எண்ணுமுன், வாசலிலுள்ள மரத்தின் கிளைகள் எப்பக்கம் சாய்கின்றன என்று ஒருகணம் பார்ப்பது நீதியாகும்.

கண்ணை ஏய்க்கும் தூரம்

தட்டையான நாட்டில் மனமும் சோர்வதற்கு ஒரு காரணம் உண்டு. பூமி உருண்டையாதலால், 1.6 மீற்றர் உயரத்திலுள்ள கண்ணுக்குத் தொடுவானம் சுமார் 4.5 கிலோமீற்றர் தூரத்தில் அமைகிறது. அதற்கப்பாலுள்ள உயரமான பொருட்களின் தலைப்பாகம் இன்னும் தொலைவிலிருந்தே தெரியும். 20 மீற்றர் உயரமான ஒரு கோபுரம், இடையில் மறைப்பு இல்லாமலும் வானம் தெளிவாகவும் இருப்பின், 20 கிலோமீற்றருக்கு அப்பாலும் தென்படக்கூடும். கோபுரம் கண்ணுக்குத் தெரிகிறது. எவ்வளவு ஓடினாலும் கிட்ட வருவதில்லை. எனவே தூரத்துக் கோபுரத்தை நோக்காமல், அடுத்த மதகு, அடுத்த மின்கம்பம் என்று பார்த்துச் செல்வதே பழகியோரின் வழக்கம்.

ஒல்லாந்தரின் பாடம்

1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தரும் தட்டையான, நீர் சூழ்ந்த நாட்டவரே. அவர்கள் நமது தீவுகளுக்குத் தம் நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். காரைநகர் அம்ஸ்ரடாம் ஆயிற்று. வேலணைத்தீவு லைடன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. நெடுந்தீவை மட்டும் இன்றும் டெல்வ்ற் என்று ஆங்கிலத்திற் குறிப்பிடுகின்றனர். அந்த மிடில்பேர்க் நகரம் உள்ள சீலாந்து மாகாணத்திலே, கடற்பெருக்கைத் தடுக்க அமைக்கப்பட்டு 1986 இற் திறக்கப்பட்ட பேரணை ஒன்று இருக்கிறது. 2013 ஆம் ஆண்டில் அதன்மேல் ஒரு விநோதமான போட்டி ஆரம்பமாயிற்று. மணிக்கு 50 கிலோமீற்றருக்கு மேற்பட்ட புயற்காற்று எதிரே வீசும் நாளாகப் பார்த்து, கியர் இல்லாத சாதாரண சைக்கிளில் 8.5 கிலோமீற்றர் ஓடவேண்டும்! தட்டையான நாட்டில் எதிர்காற்றே மலை என்பதை அவர்களும் இவ்வாறு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, வரிசையாகச் செல்லுதல். முன்னே செல்பவர் காற்றைப் பிளந்து செல்வதால் அவர் பின்னே காற்றுக் குறைந்த இடம் ஒன்று உண்டாகிறது. பந்தய வேகத்திற் பின்னால் வருபவரின் உழைப்பு நாலில் ஒரு பங்குக்கு மேல் இதனாற் குறைகிறது. நமது லுமாலாவிலும், நல்ல எதிர்காற்றில் இதன் பயனை உணரலாம். ஆனால் முன்சில்லைப் பின்சில்லோடு உரசவிடலாகாது. ஒரு சைக்கிள் நீளமாவது இடைவெளி வேண்டும். முன்னிற்பவர் சோருமுன் மற்றவர் அவ்விடத்தை ஏற்கவேண்டும். மிகவும் பலம் குறைந்தவளை நடுவில் விட்டு, அவளுடைய வேகத்தையே எல்லோருக்கும் வேகமாகக் கொள்ளவேண்டும்.

இரண்டாவது, பக்கக்காற்றில் அவதானம். காற்றை நோக்கிச் சற்றுச் சாய்ந்தபடியே நாம் ஓடுவோம். பெரிய பஸ் ஒன்று கடக்கும்போது அது காற்றை ஒருகணம் மறைத்துவிடும். மறுகணம் காற்று மீண்டும் அறையும். அவ்வேளையிலேயே சைக்கிள் தடுமாறுகிறது. பஸ்ஸின் ஓசை கேட்டதும் இரு கைகளாலும் பிடித்து, இடப்பக்கத்தில் நேராகச் செல்லவேண்டும். குடை பிடித்துக்கொண்டு தாம்போதியில் ஓடுவது எக்காரணத்தாலும் கூடாது.

மூன்றாவது, திட்டம். பொழுதுபோக்காகத் தீவுப்பக்கம் செல்வோர் சோளகக் காலத்திற் செல்வது நன்று. களைப்பில்லாத காலைவேளையில் எதிர்காற்றைச் சந்தித்து, களைத்துத் திரும்பும்போது அதன் உதவியைப் பெறலாம். வாடைக் காலத்தில் இது தலைகீழாகும். போகும்போது உற்சாகமாய்ச் சென்று, திரும்பிவர மாட்டாமல் இருட்டில் அகப்படுவோர் பலர். குறிகட்டுவான் துறைவரை ஏறத்தாழ 30 கிலோமீற்றர் இருப்பதை மறத்தலாகாது. நிழல் அரிதாதலாற் குடிநீர் கட்டாயம்.

நான்காவது, சைக்கிளின் பராமரிப்பு. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் இரும்பு விரைவிற் துருப்பிடிக்கும். வீடு வந்ததும் நன்னீரிற் தோய்த்த துணியாற் துடைத்து, உலரவிட்டு, செயினுக்கு எண்ணெய் இடவேண்டும். ரயரிற் காற்றுக் குறைந்திருந்தால் அதுவும் எதிர்காற்றுக்குத் துணைபோகும்.

1990 களில் எரிபொருள் வராத ஆண்டுகளில் குடாநாட்டைச் சைக்கிளே சுமந்தது. நோயாளர், மூட்டைகள், பரீட்சைக்குச் சென்ற மாணவியர் யாவரும் அதிலேயே சென்றனர். 2022 இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோதும் மூலையிற் கிடந்த சைக்கிள்கள் மீண்டும் வீதிக்கு வந்தன. பெண்பிள்ளையைத் தனியே நீண்ட வீதியில் அனுப்பப் பெற்றோர் அஞ்சுவது இயல்பே. அவ்வச்சத்திற்கும் எதிர்காற்றுக்கும் மருந்து ஒன்றுதான்: நால்வர் ஐவராகச் சேர்ந்து செல்லுதல். காற்றின் முன்னே நிற்கும் முறை நமக்கு வரும்போது மனமுவந்து அதனை ஏற்போமாக. பின்னே வருபவளை விட்டுவிட்டு முன்செல்லாதிருப்போமாக!